முப்பதாண்டு வாக்கு

தேவனஹள்ளி விமான நிலையமும் நைஸ் சாலையும்: ஒரே ராஜ்யத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் செல்லும் பிரயாணி, அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியைக் கடந்து எலெக்ட்ரானிக் சிட்டியை நெருங்குகையில் ஜன்னல் வழியே சற்றுக் கூர்ந்து பார்ப்பாரானால், பொதுஜனங்களுக்கான காரியங்களுக்குத் தனியார் மூலதனத்தைத் துணைக்கு அழைப்பது பற்றி நம் காலத்தில் நடந்திருக்கும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை ஒரு கூப்பிடு தூரத்துக்குள்ளேயே கண்டுவிடலாம். தலைக்கு மேலே, 2010 ஜனவரியில் திறக்கப்பட்டதும், தனியார் கம்பெனிகள் தம் பொறுப்பில் பணம் திரட்டிக் கட்டிச் சுங்கம் வசூலித்துக்கொள்வதுமான ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள மேம்பாலச் சாலை, சில்க் போர்டை நோக்கி ஓடுகிறது. மேற்கே திரும்பினால், தும்கூர்ச் சாலையிலிருந்து நகரத்தை அரைவட்டமாகச் சுற்றிவந்து ஓசூர்ச் சாலையில் சேரும் நைஸ் சாலை. அருகிலேயே 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் தடம். அதில் கோனப்பன அக்ரஹார நிலையத்துக்காக இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 200 கோடி ரூபாய் தர முன்வந்து, அதன் பெயரும் நிலையத்தின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், லாரிகளும் ஆட்டோக்களும் நடந்து செல்வோரும் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பழைய நெடுஞ்சாலை.

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் இந்த இடத்தைக் கடக்கிறவரும் இருக்கிறார். தம் இருசக்கர வாகனத்துக்கும் சுங்கம் செலுத்தி மேலே ஏறிப் போகிறவரும் இருக்கிறார். இருவரும் ஒரே நகரத்தின் பிரஜைகள். இவர்களில் யார் எதற்குப் பணம் கொடுப்பது, யார் எத்தனை ஆண்டு வசூலிப்பது, நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுவது என்பவையெல்லாம் அவர்கள் பார்த்திராத சில காகிதங்களில், பெரும்பாலும் அவர்கள் அறியாத ஒரு தேதியில், தீர்மானமாகிவிட்டன. சாலையையும் பாலத்தையும் ஊரார் கண்ணால் பார்த்து விமரிசிக்கிறார்கள். ஆனால் அந்தச் சாலையைப் படைத்த ஒப்பந்தமோ அவர்கள் கண்ணில் படுவதில்லை. இந்த விஷயத்தில் நன்மையும் தீமையும் கான்கிரீட்டில் இல்லை, அந்தக் காகிதத்தில்தான் இருக்கின்றன என்பதைப் பெங்களூரைப்போல் தெளிவாக எடுத்துக்காட்டும் நகரம் இந்தியாவில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பழைய பாடங்கள் இரண்டு

அரசும் தனியாரும் கூடிப் பொதுக் காரியம் செய்வது ஏதோ தாராளமயக் காலத்தில் பிறந்த புதுமை என்று எண்ணுவது சரியன்று. பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு 1864-ஆம் ஆண்டில் ஜோலார்ப்பேட்டை வழியாக வந்து சேர்ந்த ரயில், சர்க்கார் ரயில் அன்று. லண்டனில் பங்கு விற்று மூலதனம் திரட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனியின் ரயில். அந்நாளைய இந்திய ரயில் கம்பெனிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விசேஷச் சலுகை என்னவென்றால், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவிகித வட்டியை அரசாங்கம் உத்தரவாதம் செய்திருந்தது. நிலமும் இனாமாகவே கொடுக்கப்பட்டது. ரயில் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் லண்டன் பங்குதாரருக்கு வட்டி நிச்சயம். குறைகிற பணத்தை இந்தியக் குடியானவனின் வரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது. இந்தியாவின் நிதிப் பொறுப்பை வகித்த வில்லியம் மாஸி என்பவர், பிற்பாடு பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் குழுவின் முன் சாட்சி சொல்லும்போது, வட்டி நிச்சயமான பிறகு தன் பணம் செங்கல்லாக மாறியதா, ஹூக்ளி நதியில் எறியப்பட்டதா என்பதைப் பற்றி முதலீட்டாளருக்குக் கவலையே இல்லாமல் போயிற்று என்ற கருத்துப்படப் பேசினார். தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் இந்த ஏற்பாட்டை இடைவிடாமல் கண்டித்தார்கள். லாபம் ஒரு பக்கமும் ஆபத்து மறு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும் கூட்டு, கூட்டே ஆகாது என்பது அதிலிருந்து நாம் கற்ற முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதற்கு நேர்மாறானது. நம் மனத்துக்கு இதமானதும்கூட. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர், சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மின்சாரம் எடுக்க வேண்டுமென்று திட்டமிட்டார். அந்த நாளில் மின்சாரத்தை வாங்குவோர் யார்? வீடுகளில் விளக்கில்லை, ஊரில் ஆலைகள் அதிகமில்லை. ஆனால் கோலாரில், ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனியின் நிர்வாகத்தில், பெரும்பாலும் வடாற்காடு முதலிய தமிழ் ஜில்லாக்களிலிருந்து குடியேறிய தொழிலாளர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த தங்கச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றின் யந்திரங்களை ஓட்டச் சக்தி தேவைப்பட்டது. சுரங்கக் கம்பெனிகள் குறிப்பிட்ட காலம்வரை மின்சாரத்தை வாங்கிக்கொள்வதாக எழுத்தில் உறுதி கூறின. சமஸ்தானம் தன் மூலதனத்தைப் போட்டு நிலையத்தைக் கட்டியது. யந்திரங்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி கொடுத்தது. 1902 ஜூன் 30-ஆம் தேதி, ஏறத்தாழ 147 கி.மீ. தூரத்தைக் கம்பிகளின் வழியே கடந்து மின்சாரம் கோலாரை அடைந்தது. திவான் அதைக் காண உயிரோடில்லை. முந்தைய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

நிலையம் சமஸ்தானத்தின் சொத்தாகவே இருந்தது. சுரங்கத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரம் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூர் வீதி விளக்குகளை ஏற்றிற்று. தனியாருக்கு எது தேவையோ அதைச் சரியாக அறிந்து, அந்தத் தேவையையே அஸ்திவாரமாக்கி, சொத்தையும் மிச்சப் பலனையும் பொதுவில் நிறுத்திக்கொண்ட ராஜதந்திரம் அது. கூட்டு என்றால் இப்படியும் எழுத முடியும்; எழுதத் தெரிந்தவர் அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தேவனஹள்ளி

நவீனப் பெங்களூரின் மிகப் பெரிய கூட்டு முயற்சி அதன் விமான நிலையம். எச்.ஏ.எல். கம்பெனியின் வளாகத்தில் இருந்த பழைய நிலையம் போதாதென்பது தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. டாட்டா, ரேதியான், சிங்கப்பூர் சாங்கி ஆகியோர் சேர்ந்த முதற் குழு, அனுமதிகளுக்காகக் காத்துக் காத்து அலுத்து 1998-இல் விலகியது. அதன்பின் உலக அளவில் போட்டி ஏலம் நடத்தப்பட்டு, ஜெர்மனியின் சீமென்ஸ், ஜூரிச் விமான நிலைய நிறுவனம், லார்சன் அண்டு டூப்ரோ ஆகியோர் அடங்கிய குழு தேர்வாயிற்று. 2004 ஜூலையில் மத்திய அரசுடன் சலுகை ஒப்பந்தம் கையெழுத்தானது. தனியாருக்கு 74 சதவிகிதம், கர்நாடக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு 13, இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு 13 என்று பங்குகள் பிரிந்தன. மாநில அரசு சுமார் 4,000 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு அளித்ததோடு 350 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகவும் தந்தது. 2008 மே 24-ஆம் தேதி நிலையம் திறந்தது, அன்றைக்கே எச்.ஏ.எல். நிலையம் பொதுப் பிரயாணிகளின் விமானங்களுக்கு மூடப்பட்டது.

பலனை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு கோடிக்குச் சற்று மேற்பட்ட பிரயாணிகளை எண்ணிக் கட்டிய அந்த நிலையம், 2024-25-இல் 4 கோடிக்கும் அதிகமானவர்களைக் கையாண்டது. 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுபாதை வந்தது. 2022 நவம்பரில், மூங்கிலும் தொங்கும் தோட்டங்களுமாக அமைந்த இரண்டாவது முனையம் திறக்கப்பட்டது. இடையில் ஜூரிச்சும் லார்சனும் போய், ஜி.வி.கே. வந்து, அதுவும் போய், இன்று கனடாவின் ஃபேர்ஃபேக்ஸ் குழுமத்திடம் பெரும்பங்கு இருக்கிறது. உரிமையாளர்கள் மாறினார்களே ஒழிய நிலையத்தின் வளர்ச்சி நிற்கவில்லை. அரசாங்கம் இத்தனை பெரிய மூலதனத்தை வரிப்பணத்திலிருந்து இவ்வளவு விரைவாக எடுத்துப் போட்டிருக்குமா என்று கேட்டால், ஆம் என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை.

ஆனால் இதே ஒப்பந்தத்தில் மற்றொரு ஷரத்தும் இருக்கிறது. நிலையம் திறந்த நாள் முதல் 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 மே மாதம் வரை, மைசூர், ஹாசன் நீங்கலாக, 150 கி.மீ. தூரத்துக்குள் வேறு புதிய விமான நிலையத்தை அனுமதிப்பதில்லை என்பதே அது. முதலீட்டாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. போட்டி எப்போது முளைக்குமென்று தெரியாமல் யாரும் ஆயிரக்கணக்கான கோடியைக் கொட்ட மாட்டார்கள். எனினும் அந்த ஷரத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூனில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பிரயாணிகளுக்கான பன்னாட்டு விமான நிலையம் அமையுமென்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது, எல்லோரும் முதலில் எடுத்துப் படித்துப் பார்த்தது, இருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தின் நிலையத்துக்காக எழுதப்பட்ட அந்த வரியைத்தான். கிருஷ்ணகிரி ஜில்லாவின் எதிர்காலத்தைப் பற்றிய ஒரு முடிவு, அந்த ஜில்லாவின் ஜனங்கள் ஒருவரையும் கேளாமல், 2004-லேயே பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

பிரதிபலனையும் பார்ப்போம். தேவனஹள்ளி நிறுவனம் மத்திய அரசுக்குச் செலுத்த வேண்டிய சலுகைக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 சதவிகிதம். முதல் பத்தாண்டுகளுக்கு உரியதும் பின்னால் தவணைகளில் கொடுக்கலாமென்று தள்ளிவைக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2006-இல், டில்லி விமான நிலையத்தை ஏலத்தில் எடுத்த குழு வருமானத்தில் 45.99 சதவிகிதத்தைப் பங்காகத் தர ஒப்புக்கொண்டது. ஓடிக்கொண்டிருக்கும் டில்லி நிலையமும் வெறும் திராட்சைத் தோட்டங்களின் நடுவே புதிதாய் எழ வேண்டியிருந்த தேவனஹள்ளியும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும், முதன்முதலில் இத்தகைய பேரத்துக்கு உட்காரும் அரசாங்கத்துக்கு அனுபவமின்மையின் விலை எவ்வளவு என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள தூரம் ஓரளவேனும் சாட்சி.

இன்னொன்று. ஒப்பந்தம் விமான நிலையத்தைக் கட்டச் சொல்லிற்று. அதற்குப் போகும் வழியைப் பற்றி அது பொறுப்பேற்கவில்லை. நகரத்திலிருந்து 35 கி.மீ. தொலைவில் நிலையம் திறந்தபோது அங்கே செல்ல ரயில் கிடையாது. மெட்ரோ இன்னமும் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஹெப்பாளத்திலிருந்து செல்லும் விரைவுச் சாலையும் தனியார் கையில் தனி ஒப்பந்தமாக வந்ததால், பிரயாணி சாதஹள்ளியில் ஒரு சுங்கமும் விமானச் சீட்டோடு ஒரு மேம்பாட்டுக் கட்டணமும் தனித்தனியே செலுத்துகிறார். காகிதத்தில் எழுதியது நடக்கும், எழுதாதது நடக்காது. தனியார் கூட்டின் பலமும் பலவீனமும் அதுவே.

பதின்மூன்றாயிரம் ஏக்கரும் ஒரு சாலையும்

இனி அதே ராஜ்யம் அதே தொண்ணூறுகளில் தொடங்கிய மற்றொரு விவகாரத்தைப் பார்ப்போம். 1995 பிப்ரவரியில் தேவ கௌடா முதலமைச்சராக இருந்தபோது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கவர்னர் வில்லியம் வெல்டும் உடனிருக்க, பெங்களூரையும் மைசூரையும் இணைக்கும் விரைவுச் சாலைக்கான புரிந்துணர்வு கையெழுத்தாயிற்று. 1997 ஏப்ரல் 3-ஆம் தேதி, ஜே.எச். படேலின் ஆட்சியில், முறையான ஒப்பந்தம் ஏற்பட்டது. 111 கி.மீ. விரைவுச் சாலை, பெங்களூரைச் சுற்றி 41 கி.மீ. புறவழிச் சாலை (முதலில் பார்த்த நைஸ் சாலை இதுவே), நகருக்குள் வரும் இணைப்புச் சாலை, வழியில் ஐந்து புதிய நகரியங்கள். இவற்றுக்காக 20,193 ஏக்கர் நிலம். அதில் 13,237 ஏக்கர் தனியார் நிலம், அதாவது யாரோ ஒருவர் உழுதுகொண்டிருந்த நிலம்.

இந்தத் திட்டத்தின் கணக்கு இப்படி: சாலையில் வரும் சுங்கம் மட்டும் சாலையின் செலவை ஈடுகட்டாது, ஆகையால் சாலை வந்ததும் விலை ஏறப்போகும் நிலத்தில் நகரியங்களை அமைத்து, அந்த லாபத்தால் சாலையைத் தாங்குவது. யோசனை அளவில் இதில் தவறில்லை. உலகில் பல ஊர்களில் ரயில் பாதைகள் இப்படி எழுந்திருக்கின்றன. ஆனால் நிலமே மூலதனமாகிவிடும்போது, சாலைக்காக நிலமா, நிலத்துக்காகச் சாலையா என்ற சந்தேகம் ஜனங்களின் மனத்தில் தோன்றாமல் இருக்காது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடிய மருந்துகள் இரண்டு: திறந்த போட்டியில் தேர்வு செய்திருக்க வேண்டும்; எந்த நிலம் எதற்கென்று முதலிலேயே துல்லியமாக அளந்து அறிவித்திருக்க வேண்டும். இந்தத் திட்டமோ போட்டி ஏலத்தில் பிறக்கவில்லை. ஒரு குழுவின் முன்மொழிவாக வந்து ஒப்பந்தமாக வளர்ந்தது.

விளைவு முப்பதாண்டு விவகாரம். புரிந்துணர்வில் கையெழுத்திட்ட தேவ கௌடாவே பிற்காலத்தில் இத்திட்டத்தின் பெரும் எதிர்ப்பாளரானார். அளவுக்கு மீறி நிலம் கொடுக்கப்பட்டதென்று மாநில அரசே நீதிமன்றத்தில் வாதாடியது. 2006 ஏப்ரல் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அரசு நிறைவேற்ற வேண்டுமென்று தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து, டி.பி. ஜயசந்திரா தலைமையில் சட்டமன்றக் குழு ஒன்று திட்டத்தில் கடுமையான குற்றங்குறைகளைக் கண்டு அறிக்கை அளித்தது. திட்டத்தை நடத்தும் நைஸ் நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நடந்ததை மட்டும் சொல்வோம்: புறவழிச் சாலையும் இணைப்புச் சாலையும் வந்தன, லட்சக்கணக்கானோருக்குப் பயன்படவும் செய்கின்றன, மைசூருக்குச் செல்ல வேண்டிய விரைவுச் சாலை வரவில்லை.

மைசூருக்கு நல்ல சாலை கடைசியில் வேறு வழியாக வந்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், பழைய நெடுஞ்சாலையையே ஏறத்தாழ 8,480 கோடி ரூபாய்ச் செலவில் 118 கி.மீ. நீளத்துக்குப் பத்து வழித்தடங்களாக விரித்தது. 2023 மார்ச் 12-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. அதுவும் தனியார் கூட்டே. ஆனால் வேறு வகையானது. கட்டுமானச் செலவில் 40 சதவிகிதத்தை வேலை நடக்கும்போதே அரசு கொடுத்துவிடும். மீதி 60-ஐக் கட்டுபவர் திரட்டி, பதினைந்து ஆண்டுகளில் தவணையாகத் திரும்பப் பெறுவார். சுங்கத்தை அரசே வசூலிக்கும். வண்டிகள் குறைந்தால் நஷ்டம் அரசுக்கு, கட்டுமானம் கெட்டால் நஷ்டம் கட்டியவருக்கு. எந்த ஆபத்தை யார் தாங்க வல்லவரோ அவர் தலையில் அதை வைக்கும் இந்த ஏற்பாடு, முந்தைய இருபதாண்டுகளின் கசப்பான அனுபவத்தில் விளைந்த விவேகம். எனினும் அங்கும் ஒரு பாடம் மிஞ்சியது: திறந்த சில மாதங்களிலேயே விபத்துகளில் பலர் மாண்டார்கள், 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் பிரதானத் தடங்களில் தடை செய்யப்பட்டன. சாலையோரத்துக் கிராமத்துக் குடியானவன், தன் ஊர் வழியாகப் போகும் சாலையில் ஏற முடியாமல் சேவைச் சாலையில் சுற்றிப் போகிறான். அவனுடைய வசதி எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று யாரேனும் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டே பைகள்

தனியார் மூலதனம் வந்தால் அரசுக்குச் செலவில்லை என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டு மயங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பொதுக் காரியத்துக்கான பணம் வருவதற்கு உலகத்தில் இரண்டே பைகள் உண்டு: வரி கொடுப்பவனின் பை ஒன்று, உபயோகிப்பவனின் பை மற்றொன்று. தனியார் கம்பெனி தருவது கடன். அதை வட்டியோடும் லாபத்தோடும் திரும்பக் கொடுப்பது இந்த இரண்டு பைகளில் ஒன்றிலிருந்துதான். அதிலும், அரசாங்கம் வாங்கும் கடனுக்கு வட்டி குறைவு, கம்பெனி வாங்கும் கடனுக்கு வட்டி அதிகம். ஆகவே தனியார் பணம் எப்போதும் விலை கூடிய பணம். அந்தக் கூடுதல் விலைக்கு ஈடாக வேலை விரைவாக முடிய வேண்டும், செலவு சொன்ன எல்லைக்குள் நிற்க வேண்டும், முப்பதாண்டு பராமரிப்பு நன்றாக நடக்க வேண்டும், ஆபத்தின் ஒரு பங்கை மெய்யாகவே கம்பெனி தாங்க வேண்டும். இவை கிடைக்குமானால் கூட்டு லாபம். கிடைக்காவிட்டால் அது, இன்றைய மந்திரி நாடா வெட்டுவதற்காக நாளைய பிள்ளைகளின் பெயரில் வாங்கிய கைமாற்று.

பிரிட்டன் இதை அனுபவித்து அறிந்தது. 1992-இல் அந்நாடு தொடங்கிய தனியார் நிதித் திட்டத்தின் கீழ் ஆஸ்பத்திரிகளும் பள்ளிகளும் நூற்றுக்கணக்கில் எழுந்தன. 2018 ஜனவரியில் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கெடுத்தபோது, எழுநூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்காக 2040-கள் வரை கொடுக்க வேண்டிய பாக்கி 199 பில்லியன் பவுண்டாக நின்றது. அதே மாதத்தில் அத்தகைய பல ஒப்பந்தங்களை நடத்திவந்த கரில்லியன் கம்பெனி திவாலாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில், இனிப் புதிய ஒப்பந்தம் இல்லையென்று நிதியமைச்சர் அறிவித்தார்.

நம் தேசத்தில் விஜய் கேல்கர் தலைமையில் அமைந்த குழு 2015-இல் அளித்த அறிக்கையின் சாரமும் இதற்குப் பொருந்துவதே: அரசின் கணக்கில் செலவை மறைப்பதற்காகக் கூட்டை நாடாதீர்கள், சேவை மேம்படுமா என்று பார்த்து நாடுங்கள், ஆபத்தை அதைத் தாங்கக்கூடியவரிடம் வையுங்கள், கேளாமல் வரும் முன்மொழிவுகளை ஊக்குவிக்காதீர்கள்.

தமிழ்நாட்டிலும் இருவகை அனுபவமும் உண்டு. திருப்பூரின் பனியன் ஆலைகளுக்கும் ஊருக்குமாக நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொண்டுவரத் தனியார் கூட்டில் பெருந்திட்டம் ஒன்று நிறைவேறிற்று; தண்ணீரை வாங்கிப் பணம் கொடுக்க வேண்டியவை சாயப்பட்டறைகள். கழிவு நீரால் நொய்யல் பாழானதை ஒட்டி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும், வாங்குவோர் குறைந்து திட்டத்தின் கணக்கே ஆட்டங்கண்டது. சிவனசமுத்திரத்தில் சேஷாத்ரி ஐயருக்குக் கைகொடுத்த அதே உபாயம், ஆற்றின் நிலையை மறந்த இடத்தில் கைவிட்டது. மாறாக ஆலந்தூரில், பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று நகராட்சி வீடு வீடாகப் போய் ஜனங்களிடம் விளக்கிற்று. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணமாக ஜனங்களே கட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் அமைத்தார்கள். விளக்கமாகச் சொல்லிக் கேட்டால் நம் ஜனங்கள் கொடுக்க மறுப்பவர்கள் அல்லர் என்பதற்கு ஆலந்தூர் சான்று.

இனி எழுதப்போகும் காகிதங்கள்

பெங்களூர் இப்போது மேலும் பல பெரிய ஒப்பந்தங்களின் வாசலில் நிற்கிறது. ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கச் சாலை. பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருந்துவரும் புறநகர் வட்டச் சாலை. 2033-க்குப் பின் தேவைப்படப்போகும் இரண்டாவது விமான நிலையம். இத்தகைய காரியங்களுக்குத் தனியார் மூலதனத்தையும் நகரம் எதிர்பார்க்கிறது. இந்த வேளையில், எதிர்க்க வேண்டுமென்பதற்காக எதிர்ப்பதும், வளர்ச்சி என்ற ஒரு சொல்லுக்காகத் தலையாட்டுவதும் பிரஜைகளுக்குப் பெருமை தருவன அல்ல. கேட்க வேண்டியவற்றைக் கையெழுத்துக்கு முன்னே கேட்பதே பெருமை.

ஒப்பந்தத்தின் முழு வாசகமும் கையெழுத்தாகும் முன்பே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்படுமா? வண்டிகள் எத்தனை வரும், பிரயாணிகள் எத்தனை பேர் என்ற மதிப்பீட்டைச் செய்தவர் யார், அது பொய்த்தால் இழப்பு யாருக்கு? எதிர்பார்த்ததைவிட லாபம் பெருகினால் அதில் பொதுமக்களுக்குப் பங்கு உண்டா? சுங்கம் கொடுக்க இயலாதவருக்கு நல்ல நிலையிலுள்ள பொதுவழி ஒன்று மிஞ்சுமா? காலம் முடிந்து சொத்து திரும்பி வரும்போது அது எந்த நிலையில் வர வேண்டுமென்று எழுதியிருக்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல அரசின் பக்கம், கம்பெனியின் பக்கம் உட்காருகிற வழக்கறிஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும் எவ்வகையிலும் தாழாத நிபுணர்கள் வேண்டும். தனியாரை அழைத்தால் அரசாங்கத்தின் வேலை குறைந்துவிடும் என்பது தவறான எண்ணம். சாலை போடும் வேலை குறையலாம், காவல் காக்கும் வேலை இரட்டிக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னே நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கம்பெனி கொண்டுவருவது பணம். அரசு கொண்டுவருவது நிலம், அதாவது வேறொருவரின் வாழ்வு. தேவனஹள்ளி தாலுகாவில் விமானத் தொழிற் பூங்காவுக்காக 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் அறிவிப்பை எதிர்த்து, சன்னராயபட்டண ஹோப்ளியின் கிராமத்தார் மூன்றாண்டுகளுக்கு மேல் போராடினார்கள். 2025 ஜூலையில் முதலமைச்சர் சித்தராமையா அதைக் கைவிடுவதாக அறிவித்தார். ஒருமுறை தம் நிலம் விமான நிலையமாக மாறியதைக் கண்ட தாலுகா அது. தாங்கள் கொடுத்ததற்கு ஈடாக என்ன வந்தது என்று அவர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கூட்டில் அவர்களும் ஒரு கூட்டாளி என்று எந்த ஒப்பந்தமும் இதுவரை எழுதவில்லை. இனி எழுதும் ஒப்பந்தங்களில் நிலம் கொடுத்தவருக்கு ஒருமுறை கையில் வைக்கும் இழப்பீடு மட்டுமன்றி, வளரும் வருமானத்திலும் ஒரு சிறு பங்கு ஏன் இருக்கலாகாது? சீமென்ஸுக்கும் ஜூரிச்சுக்கும் பங்கு கொடுத்தோம். அவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

தேவனஹள்ளி நிலையம் திறந்த 2008 மே மாதத்தில் பெங்களூரில் பிறந்த குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் எழுதும்போது அது இல்லை. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவும் இல்லை. ஒப்பந்தத்தின் முதல் 30 ஆண்டுகள் 2038-இல் முடியும்போது அதற்கு வயது முப்பது. நிறுவனம் விரும்பினால் மேலும் 30 ஆண்டு நீட்டிக்கலாமென்று அந்தக் காகிதம் சொல்கிறது. அந்தக் காலமும் முடிகிற 2068-இல் அதற்கு அறுபது. ஓர் ஆயுளின் பெரும்பகுதியை அது பிறக்குமுன்பே நாம் ஒரு வாக்கால் கட்டிவைத்தோம். அந்த வாக்கினால் அதற்குக் கிடைத்ததும் உண்டு, அது செலுத்திக்கொண்டிருப்பதும் உண்டு. அது இப்போது வாக்குச் சீட்டைக் கையில் பெறும் வயதில் நிற்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பேனாவை எடுக்கும்போது, மேஜையின் எதிர்ப்புறத்தில் கம்பெனி மட்டும் உட்கார்ந்திருப்பதாக எண்ண வேண்டாம்; இனிப் பிறக்கப்போகும் இன்னொரு குழந்தையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் படித்துக் காட்ட வெட்கப்பட வேண்டியிராத வரிகளை மட்டும் எழுதுவோமானால், தனியார் பணத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.